படத்தின்கீழ் ஒரு வரி

வடஇந்திய நகரம் ஒன்றில் ஒரு பள்ளிக்கூடம். ஆண்டு விழாவையொட்டி, மாநிலங்களின் வாழ்வையும் வழக்கத்தையும் காட்டும் கண்காட்சி அங்கே அமைக்கப்பட்டிருக்கிறது. சுவர் நெடுக நிழற்படங்கள். அவற்றுள் ஒன்றில், பட்டுப்பாவாடை உடுத்திப் பின்னலில் மல்லிகைச் சரம் சூடிய சிறுமி ஒருத்தி புன்னகையோடு நிற்கிறாள். படத்தின் கீழே, அழகிய கையெழுத்தில் இரண்டே சொற்கள்: 'மதராசிச் சிறுமி'.

படத்தில் இருப்பவள் அதே பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிப்பவள். அவளுடைய தாய் திருநெல்வேலியில் பிறந்தவர். தந்தை கோயம்புத்தூரைச் சேர்ந்தவர். அவளோ பிறந்த நாள்முதல் அந்த வடஇந்திய நகரத்திலேயே வளர்ந்தவள். சென்னையை ஒருமுறைகூடக் கண்டதில்லை. மதராஸ் மாநிலம் 1969-இல் தமிழ்நாடு ஆயிற்று. மதராஸ் நகரம் 1996-இல் சென்னை ஆயிற்று. பெயர்கள் மாறிப் பல ஆண்டுகள் ஆன பின்னும், தென்னாட்டார் அனைவரையும் ஒரே சொல்லில் அடக்கும் பழக்கம் மட்டும் சிலரிடம் மாறவில்லை.

இது கற்பனைக் காட்சியே. ஆயினும் தமிழகத்துக்கு வெளியே வளரும் பிள்ளைகளுக்கு இது முற்றிலும் அயலானதாகத் தோன்றாது. அந்த வரியை எழுதியவருக்குத் தீய எண்ணம் சிறிதும் இல்லை, அன்போடுதான் எழுதினார். எனினும் அந்தச் சிறுமி தன் படத்தின்முன் சற்றே நின்றுவிட்டு, தோழியரை வேறு பக்கம் அழைத்துச் செல்கிறாள். தன் படத்தைக் காட்டி மகிழ வேண்டியவள் ஏன் விலகிப் போகிறாள்? அந்த இரண்டு சொற்களில் அவளைத் தவிர மற்ற எல்லாம் இருக்கின்றன என்பதே காரணம்.

படம் பேசாது, வரி பேசும்

நிழற்படத்தில் இருப்பவரால் பேச இயலாது. தாம் இன்னார் என்று அவர் சொல்ல முடியாது. தம்மைப் பற்றித் தவறாகச் சொல்லப்பட்டால் மறுக்கவும் முடியாது. அவருக்காகப் பேசும் பொறுப்பைப் படத்தின்கீழ் உள்ள வரி ஏற்றுக்கொள்கிறது. படக்குறிப்பு எனப்படும் அந்த வரி அளவில் சிறியது. ஆனால் பார்ப்பவரின் கண்ணை வழிநடத்துவது அதுவே.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். மணல்வெளியில் தலைப்பாகையுடன் நிற்கும் முதியவர் ஒருவரின் படம். முகத்தில் சுருக்கங்கள், கையில் ஒரு கோல். அதன் கீழே, 'வறுமையில் வாடும் முதியவர்' என்று எழுதினால் பார்ப்பவர் இரக்கம் கொள்வர். 'ராஜஸ்தானியர்' என்று எழுதினால், ஒரு மாநிலத்தின் மாதிரிப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நகர்வர். அவருடைய பெயரை எழுதி, 'ஒட்டகம் வளர்ப்பவர். தம் மந்தையின் ஒவ்வோர் ஒட்டகத்தையும் தனித்தனியே அறிந்தவர்' என்று சேர்த்தால், அவரோடு இரண்டு சொல் பேச வேண்டும் என்னும் ஆவல் பிறக்கும். மூன்று இடத்திலும் முகம் ஒன்றே. பார்க்கும் பார்வைதான் மாறுகிறது.

ஆகவே, படக்குறிப்பு எழுதுவோர் தமக்குத்தாமே ஒரு சோதனை வைத்துக்கொள்வது நல்லது. எழுதிய வரியைப் படத்தில் இருப்பவரின் முகத்துக்கு நேரே உரக்கப் படித்துக்காட்ட முடியுமா? முடியுமாயின் அது நல்ல குறிப்பு. படிக்கும்போது நா கூசுமாயின், அந்த வரியில் ஏதோ பிழை இருக்கிறது. அந்தப் பிழை இலக்கணப் பிழையன்று, மரியாதைப் பிழை.

பெயரில்லாத முகங்கள்

இந்தியரின் படங்களுக்குக் குறிப்பு எழுதும் வழக்கம் தொடங்கிய காலத்திலேயே இந்தப் பிழையும் தொடங்கிவிட்டது. 1857-ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்குப் பின், இந்நாட்டு மக்களை இனம் இனமாகப் பிரித்து அறிந்துகொள்வது ஆட்சிக்குத் தேவை என்று ஆங்கில ஆட்சியாளர் கருதினர். அவர்கள் தொகுத்த நிழற்படங்கள், 'இந்திய மக்கள்' என்று பொருள்படும் தலைப்பில், 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக இலண்டனில் வெளியாயின. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், ஜான் வில்லியம் கே ஆகிய இருவரும் அவற்றைப் பதிப்பித்தனர். 450-க்கும் மேற்பட்ட படங்கள் அவற்றில் உள்ளன. பெரும்பாலான படங்களின் கீழே மனிதரின் பெயர் இல்லை. சாதி அல்லது குடியின் பெயரே இருக்கிறது. உடன் அமைந்த விளக்கத்தில், இந்தக் கூட்டத்தார் நம்பத்தக்கவர், அந்தக் கூட்டத்தார் நம்பத்தகாதவர் என்பன போன்ற தீர்ப்புகளும் உண்டு. ஒருவரின் முகத்தைக் காட்டி, ஒரு கூட்டத்தின் குணத்தையே அளந்துவிட்டதாக அந்நூல் எண்ணியது.

அந்தக் குறிப்புகள் எத்தகைய காயத்தை உண்டாக்கின என்பதற்கு ஒரு சான்று உண்டு. பின்னாளில் அலிகரில் கல்லூரி நிறுவிய சையது அகமது கான், 1869-இல் தம் மக்களுடன் இலண்டன் சென்றார். அங்கே இந்நூலைக் கண்டு மனம் வருந்தினார். நூலைப் புரட்டிக்கொண்டிருந்த அவருடைய மகனிடம் ஆங்கில இளைஞர் ஒருவர் வந்து, அவரும் இந்துஸ்தானியர்தாமா என்று வினவினார். மகன் ஆம் என்றார். ஆனால் அவர் முகம் நாணத்தால் சிவந்தது. தம் முன்னோர் வேற்று நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று விரைந்து விளக்கமும் கூறினார். தன் நாட்டு மக்களையே தன்னவர் என்று சொல்லத் தயங்கும் நிலைக்கு ஓர் இளைஞரைத் தள்ளும் ஆற்றல் சில படங்களுக்கும் அவற்றின் கீழிருந்த வரிகளுக்கும் இருந்திருக்கிறது.

தென்னாட்டிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885-இல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். அவற்றில் உள்ள செய்திகள் பல இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன. ஆனால் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தவர். அவர் நூலில் உள்ள படங்களிலும் பெரும்பாலும் தோடர், காடர், பணியர் என்னும் குடிப்பெயர்களே உண்டு. படம் எடுக்கப்பட்ட அந்த மனிதருக்கும் தாய் தந்தையர் இட்ட பெயர் ஒன்று இருந்திருக்கும். அளவுகள் எழுதப்பட்ட ஏட்டில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

பட்டம் சூட்டும் பழக்கம் படத்தோடு நின்றுவிடவில்லை. 1871-இல் ஆங்கில அரசு இயற்றிய சட்டம் ஒன்று, சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று அறிவித்தது. நாடு விடுதலை பெற்ற பிறகே, 1952-இல், அது நாடு முழுவதும் நீக்கப்பட்டது. 'இவர்கள் இப்படிப்பட்டவர்கள்' என்று ஒரு முகத்தின்கீழ் எழுதும் வரியும், அதையே சட்டநூலில் எழுதும் வரியும் ஒரே மனப்பாங்கில் பிறந்தவை.

பெயர் கேட்கப்படாத தாய்

இந்தப் பிழையை ஆட்சியாளர் மட்டுமே செய்தனர் என்று கருதுவதற்கில்லை. நல்லெண்ணம் கொண்டோரும் செய்திருக்கின்றனர்.

1936 மார்ச்சு மாதம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நிப்போமோ என்னும் ஊருக்கு அருகே, பட்டாணி பறிக்க வந்த தொழிலாளர் முகாம் ஒன்று இருந்தது. பயிர் பனியில் கருகியதால் வேலையும் இல்லை, உணவும் இல்லை. அரசுப் பணியில் இருந்த டோரத்தியா லாங் என்னும் நிழற்படக் கலைஞர் அங்கே ஒரு தாயையும் குழந்தைகளையும் படமெடுத்தார். 32 வயது, ஏழு குழந்தைகளின் தாய், வறியவர் என்ற செய்திகள் குறிப்பில் இடம்பெற்றன. பெயர் இடம்பெறவில்லை, அது கேட்கப்படவே இல்லை. 'புலம்பெயர்ந்த தாய்' என்று பொருள்படும் தலைப்பில் அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது.

அப்படத்தால் நன்மையே விளையவில்லை என்று கூற முடியாது. நாளிதழில் படத்தைக் கண்டபின், அரசு அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது. ஆனால் அதற்குள் அந்தத் தாய் தம் குழந்தைகளுடன் வேறிடம் போய்விட்டார். 42 ஆண்டுகள் கழித்து, 1978-இல்தான் அவர் யார் என்பது உலகுக்குத் தெரிந்தது. அவர் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். அமெரிக்கத் தொல்குடிகளுள் ஒன்றாகிய செரோக்கி இனத்தில் பிறந்தவர். ஐரோப்பிய வழிவந்த உழவர் குடும்பத்துத் தாய் என்றே அத்தனை ஆண்டுகளும் பார்ப்போர் எண்ணிவந்தனர். அந்தப் படம் எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்றும், தம் பெயரைக்கூட எவரும் கேட்கவில்லை என்றும் அவர் மனம் கசந்து கூறினார். வறுமையின் அடையாளமாகத் தம் தாய் நிறுத்தப்பட்டது அவருடைய பிள்ளைகளுக்கும் நெடுங்காலம் நாணத்தைத் தந்தது. 1983-இல் அவர் நோயுற்றபோது, செய்தி அறிந்த மக்கள் பலர் மடல்களும் பொருளுதவியும் அனுப்பினர். அம்மடல்களைப் படித்த பின்னரே, தம் தாயின் படத்தைப் பிள்ளைகள் பெருமையோடு நோக்கத் தொடங்கினர்.

வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்நிகழ்ச்சி ஆழமாகப் புரியும். புலம்பெயர்தல் என்பது ஒருவரின் வாழ்வில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி. அதுவே அவருடைய பெயர் ஆகிவிடாது.

இனப்பெயரைச் சொல்வதே தவறா?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஒருவர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று சொல்வதே தவறானால், அவருடைய பண்பாட்டை மற்றவர் எப்படி அறிவர்? இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவரையும் நோக்கலாம். இருவரும் இருளர் பழங்குடியினர். பாம்பின் தடத்தைக் கண்டறிவதிலும் அதைக் காயமின்றிப் பிடிப்பதிலும் வல்லவர்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவுமாறு 2017-இல் அவர்கள் அங்கே அழைக்கப்பட்டனர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பாம்புக்கடிக்கு மருந்து செய்யத் தேவையான நஞ்சை எடுத்துத்தரும் இருளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று 1978 முதல் தமிழகத்தில் இயங்கி வருகிறது.

இவர்களின் படத்தின்கீழ் 'இருளர்' என்று எழுதுவது தவறாகுமா? ஆகாது. அவர்களின் அறிவு தலைமுறை தலைமுறையாக அந்தச் சமூகம் வளர்த்த அறிவு. அதைச் சொல்லாமல் விடுவதே குறையாகும். ஆனால் 'பாம்பு பிடிக்கும் இருளர்' என்று மட்டும் எழுதி, வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் பெயர்களை விட்டுவிட்டால் அது தர்ஸ்டன் காலத்துக்குத் திரும்புவதாகும். இனப்பெயர், மனிதரின் பெயருக்குத் துணையாக வரலாம்; அதற்கு மாற்றாக வரலாகாது.

இனப்பெயரிலும் கவனம் வேண்டும். பிறர் சூட்டிய பெயர் ஒன்று, தாமே தமக்கு வழங்கும் பெயர் ஒன்று என இரண்டு பெயர்கள் பல சமூகங்களுக்கு உண்டு. தமிழகத்து ஊர்களில் குருவிக்காரர் என்றும் நரிக்குறவர் என்றும் அழைக்கப்படுவோர், தம் மொழியில் தம்மை வாக்ரி என்பர். எந்தப் பெயரை எழுதலாம் என்று அவர்களையே கேட்பது எளிது. கேட்காமல் எழுதுவது அதைவிட எளிது என்பதால்தான் பிழை நேர்கிறது.

கேட்டு எழுதுதல்

பெயரை எழுதினால் மட்டும் போதாது. சரியாக எழுத வேண்டும். இந்த இடர்ப்பாட்டைத் தமிழ்ப் பிள்ளைகள் நன்கு அறிவர். தமிழரிடையே பெரும்பாலோர் தந்தையின் பெயரையோ அதன் முதலெழுத்தையோ தம் பெயர்க்கு முன்னே வைத்துக்கொள்வர். குடும்பப்பெயர் என ஒன்று தனியே வழங்குவது குறைவு. பிற மாநிலங்களின் விண்ணப்பப் படிவங்களில் உள்ள 'குடும்பப்பெயர்' என்னும் கட்டத்தின்முன் தமிழ்ப் பெற்றோர் திகைத்து நிற்பது அதனால்தான்.

1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன சதுரங்க வீரரின் பெயர் ஆனந்த். விசுவநாதன் என்பது அவருடைய தந்தையின் பெயர். முதலில் நிற்பதே ஒருவரின் சொந்தப் பெயர் என்னும் தம் நாட்டு வழக்கப்படி, வெளிநாட்டார் பலர் அவரை விசுவநாதன் என்றே அழைத்தனர். 'விஷி' என்னும் செல்லப்பெயரும் அதிலிருந்தே பிறந்தது. அவர் அதைப் புன்னகையோடு ஏற்றுக்கொண்டிருக்கலாம். புகழ் பெற்றவருக்கே இப்படியாயின், புகழ் பெறாதவரின் பெயர் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 'உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும்?' என்னும் ஒரு கேள்வி இத்தனை குழப்பத்தையும் நீக்கிவிடும்.

பெயர் கேட்க வாய்ப்பில்லாத இடங்களும் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் எடுத்த படத்தில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் அறிய முடியாது. அப்போது கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவதே நேர்மை. 'மதுரைச் சித்திரைத் திருவிழாவில் பூக்கட்டும் பெண்' என்பது கண்டது. அவருடைய சாதி, மதம், வருவாய் ஆகியவற்றை உடையையும் நிறத்தையும் பார்த்து எழுதுவது ஊகம். தலைப்பாகை அணிந்தோர் எல்லாரும் சீக்கியர் அல்லர். தாடி வைத்தோர் எல்லாரும் ஒரே மதத்தினரும் அல்லர். ஊகம் செய்தியாக அச்சேறும்போது பொய்யாகிறது.

தமிழில் எழுதுவோருக்குக் கூடுதலான பொறுப்பு ஒன்றும் உண்டு. தமிழின் வினைமுற்று, மரியாதையைத் தன்னுள்ளேயே சுமந்து நிற்கிறது. ஒரே ஏட்டில், 'பாலத்தைத் திறந்து வைக்கிறார்' என்று தலைவரின் படத்தின் கீழும், 'மூட்டை தூக்குகிறான்' என்று தொழிலாளியின் படத்தின் கீழும் எழுதினால், எழுதியவர் தம்மை அறியாமலே ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்திவிடுகிறார். 'தூக்குகிறார்' என்று எழுத மை கூடுதலாகச் செலவாகாது. கிழவியை மூதாட்டி ஆக்குவதும், வேலைக்காரியைப் பணிப்பெண் ஆக்குவதும் அத்தகையனவே. மாற்றுத்திறனாளி, திருநங்கை ஆகிய சொற்கள் பழைய இழிசொற்களை விலக்கிவிட்டுத் தமிழில் நிலைபெற்றிருப்பது, மொழி திருந்தக்கூடியது என்பதற்குச் சான்று.

சொல்லாமையும் மரியாதையே

பெயரைச் சொல்வது எப்போதும் நன்று என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. கொடுமைக்கு உள்ளான குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவதை இந்தியச் சட்டம் தடை செய்கிறது. 2012-இல் இயற்றப்பட்ட குழந்தைகள் பாதுகாப்புச் சட்டமும், 2015-இல் இயற்றப்பட்ட இளஞ்சிறார் நீதிச் சட்டமும் இதனை வலியுறுத்துகின்றன. அங்கே பெயரை மறைப்பதே அக்குழந்தையின் எதிர்காலத்தைக் காப்பதாகும்.

ஆஸ்திரேலியத் தொல்குடி மக்கள் பலரிடையே, இறந்தவரின் பெயரைத் துக்க காலத்தில் சொல்வதும் அவருடைய படத்தைக் காட்டுவதும் முறையன்று. ஆகவே அந்நாட்டுத் தொலைக்காட்சிகளும் நூலகங்களும், இறந்தோரின் பெயரும் படமும் இடம்பெறக்கூடும் என்று முன்கூட்டியே அறிவிக்கின்றன. இறந்தவரின் படத்தைச் சுவரில் மாட்டி, பெயரும் நாளும் எழுதி, மாலையிட்டு வணங்குவது தமிழர் வழக்கம். ஓரிடத்தில் வணக்கமாக அமைவது மற்றோரிடத்தில் வருத்தமாக அமையலாம். எங்கும் பொருந்தும் ஒரே விதி இல்லை. எங்கும் கேட்கத்தக்க கேள்விதான் உண்டு. 'உங்கள் படத்தின்கீழ் என்ன எழுதலாம்?' என்பதே அது.

இவ்வளவு தயங்கினால் உண்மையை எப்படி எழுதுவது, வறுமையை மறைக்க வேண்டுமா என்று சிலர் வினவலாம். மறைக்க வேண்டியதில்லை. ஒருவர் எப்படிப்பட்டவர் என்று முத்திரை குத்தாமல், அவருக்கு என்ன நேர்ந்தது என்று எழுதினால் போதும். 'ஏழைப் பெண்' என்னும் குறிப்பில் செய்தி ஒன்றும் இல்லை. 'மழை பொய்த்ததால் ஊரைவிட்டு வந்து, சாலைப்பணி செய்யும் இன்னார்' என்னும் குறிப்பில் அவருடைய வறுமையும் அதன் காரணமும் அவருடைய உழைப்பும் ஒருங்கே தெரிகின்றன. மரியாதையோடு எழுதிய வரி உண்மையைக் குறைப்பதில்லை, கூட்டியே தருகிறது.

கண்ணாடியின் மறுபக்கம்

'மதராசி' என்னும் சொல்லால் வருந்தியோர், கண்ணாடியின் மறுபக்கத்தையும் பார்ப்பது கடமை. திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டுமானப் பணிகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோர் உழைக்கின்றனர். தமிழகத்தில் அவர்கள் அனைவருக்கும் பலர் வைத்திருக்கும் ஒரே பெயர் 'வடக்கத்தியர்'. கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்களும் அதற்குள் அடங்கிவிடுகின்றனர். ஒடியா பேசுபவருக்கும் அசாமியம் பேசுபவருக்கும் இடையே உள்ள வேறுபாடு, தமிழுக்கும் தெலுங்குக்கும் இடையே உள்ளதைப் போன்றே உண்மையானது.

தன்னை ஒற்றைச் சொல்லில் அடக்கியபோது வலித்தது என்றால், பிறரை அப்படி அடக்கும்போது அவருக்கும் வலிக்கும். இதை முதலில் உணரக்கூடியவர்கள் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளே. அவர்கள் இரண்டு பக்கமும் அறிந்தவர்கள்.

இழந்த பெயரை மீட்டல்

பழைய பிழைகளைத் திருத்த முடியுமா? முடியும் என்பதற்குக் கனடா நாட்டில் ஒரு சான்று இருக்கிறது. அந்நாட்டின் வடகோடியில் பனிநிலத்தில் வாழும் இனுயிட் மக்களுக்கும், தமிழரைப் போலவே, குடும்பப்பெயர் வழங்கும் பழைய மரபு இல்லை. பெயர்களைப் பதிவு செய்வது கடினமாக இருப்பதாகக் கருதிய அரசு, 1941 முதல் அவர்களுக்கு எண் பொறித்த வில்லைகளை வழங்கியது. பல ஆண்டுகள் அரசு ஏடுகளில் அவர்கள் எண்களாகவே இருந்தனர். தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்த அவர்களின் படங்களிலும் பெயர்கள் இல்லை. வெளியார் சூட்டிய 'எஸ்கிமோ' என்னும் பெயரே பல படங்களின்கீழ் இருந்தது.

2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், அக்காப்பகமும் இனுயிட் மாணவர்களும் சேர்ந்து ஒரு பணியைத் தொடங்கினர். பழைய படங்கள் கணினியில் ஏற்றப்பட்டன. மாணவர்கள் அவற்றைத் தம் ஊர்களுக்குக் கொண்டுசென்று முதியோரிடம் காட்டினர். முதியோர் படங்களில் தம் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் இளமைக்காலத் தோழரையும் கண்டு பெயர் சொன்னார்கள். அப்பெயர்கள் காப்பகத்தின் குறிப்புகளில் சேர்க்கப்பட்டன. பல்லாண்டு பெயரின்றி இருந்த முகங்கள் மீண்டும் ஒருவருக்குத் தாயாகவும் ஒருவருக்குத் தமையனாகவும் ஆயின. அந்தப் பணியில் விரைவு வேண்டியிருந்தது. பெயர் அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர்.

இதே பணி ஒவ்வொரு வீட்டிலும் காத்திருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய படத்தொகுப்பில், திருமணப் படத்தின் ஓரத்தில் நிற்கும் பெண்மணி யார்? தாத்தாவின் தோளில் கைபோட்டு நிற்பவர் யார்? பின்வரிசையில் பாதி முகம் மட்டும் தெரியும் சமையற்காரரின் பெயர் என்ன? பாட்டி அறிவார், அல்லது ஊரில் உள்ள பெரியப்பா அறிவார். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு பென்சிலை எடுத்துச் சென்று, அவர்கள் சொல்வதைப் படத்தின் பின்புறம் மெல்ல எழுதிவைத்தால், ஒரு குடும்பத்தின் வரலாறு காக்கப்படும். கேட்காமல் விட்டால், இன்னும் சில ஆண்டுகளில் அந்தப் படத்தின்கீழும் 'யாரோ ஒருவர்' என்றுதான் எழுத நேரும்.

இனி அந்தப் பள்ளிச் சுவருக்குத் திரும்பலாம். சிறுமியை அழைத்து, 'உன் படத்தின்கீழ் என்ன எழுதலாம்?' என்று ஆசிரியர் ஒருவர் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? முதலில் சற்றுத் தயங்குவாள். இதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை. பிறகு தன் பெயரைச் சொல்வாள். 'ஆறாம் வகுப்பு' என்பாள். 'திருநெல்வேலியில் இருக்கும் பாட்டி தைத்துத் தந்த பாவாடை' என்றும் சேர்த்துக்கொள்வாள். அந்த மூன்று செய்திகளும் ஒரே வரியில் அடங்கும். அந்த வரியின்முன் தோழியரை அழைத்துவந்து நிறுத்த அவள் தயங்கமாட்டாள்.

எண்ணி எழுதுக

1. 'மதராசிச் சிறுமி' என்னும் குறிப்பை எழுதியவருக்குத் தீய எண்ணம் இல்லை. அவ்வாறாயின், அக்குறிப்பில் உள்ள பிழை எது?

2. இலண்டனில் சையது அகமது கானின் மகன் அளித்த விடை சரியானதா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

3. இனப்பெயரைக் குறிப்பிடுவது மரியாதையாக அமையும் இடம் ஒன்றையும், அவமதிப்பாக அமையும் இடம் ஒன்றையும் காட்டுக.

4. வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் உள்ளவர் யார் என்று பெரியோரிடம் கேட்டு, இரண்டு வரியில் படக்குறிப்பு எழுதுக. அதை அவரிடமோ அவரை அறிந்தவரிடமோ படித்துக்காட்டி, அவர் கூறும் திருத்தத்தையும் சேர்க்க.